மாமாவின் இன்னொரு கை

எங்கள் ஊரில் பீங்கான் கோப்பையைக் கண்ணால் பார்த்து மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். விரலால் சுண்டி, காதாலும் பார்த்துத்தான் வாங்குவார்கள். ணங்கென்று கேட்டால் நல்ல கோப்பை. தொப்பென்று கேட்டால் எங்கேயோ கீறல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். விருத்தாசலத்தில் பிறந்த பிள்ளைக்கு இது யாரும் சொல்லாமலே வந்துவிடும்.

என் தாய்மாமா ஒரு பீங்கான் பட்டறையில் இந்தச் சுண்டிப் பார்க்கும் வேலையில் இருந்தார். சூளையிலிருந்து வரும் கோப்பைகளை நிழலில் உட்கார்ந்து சுண்டிச் சுண்டி நல்லது தனி, கெட்டது தனியாக வைப்பார். அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. பள்ளி விட்டதும் நானும் போய்விடுவேன். ஆள் நிமிர்ந்து பார்த்தாலே அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொள்கிற பிள்ளை நான். மாமா ஒருவரிடம்தான் வாய் திறப்பேன். மேஸ்திரிக்கு என்னைக் கண்டால் ஆகாது. "புள்ளயால ஒரு சாமான் ஒடஞ்சுது, அப்புறம் நீயும் வூட்லயே இருந்துக்க" என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு நாள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கோப்பைகள் அடுக்கிய பலகையைத் தூக்கினேன். பாவாடை தடுக்கியது. பலகையோடு விழுந்தேன். அம்மாவுக்கு வேலை போயிற்று என்று நினைத்து அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு கோப்பையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து என் காதருகே சுண்டினார். தொப். நான் இன்னும் சத்தமாக அழுதேன். அதே கோப்பையை மூன்று விரல் நுனியில் உட்கார வைத்து மறுபடி சுண்டினார். ணங்!

"கோப்பைக்கு ஒண்ணும் ஆவுல பாப்பா. புடிச்ச கைதான் சரியில்ல" என்றார்.

நானும் வாங்கிச் சுண்டிப் பார்த்தேன். தொப், ணங், தொப், ணங். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது கோப்பைகள் பலகையில் ஒழுங்காக நின்றிருந்தன. ஒன்றும் உடையவில்லை என்றே நம்பினேன். மாமா எழுந்து போகும்போது அவர் தோளில் துண்டு இல்லை. அது ஏனோ நினைவில் தங்கிவிட்டது.

அந்த மாமா சமீபத்தில் காலமானார். கருமாதிக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் இல்லை. போட்டோ என்றாலே ஓடிவிடுகிற மனிதர். செல்போனில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் எடுத்தது. அத்தை அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "படுக்கையில கெடந்த மூஞ்சிக்கா மாலை போடறது? மீசையோட ஒரு படம் வேணும். இல்லன்னா வெறும் வெளக்கே போதும்."

என் மகள் கல்யாணத்தை வீடியோ எடுத்த சிடி என் பீரோவில் இருந்தது. அதில் எங்கேயாவது அகப்பட்டிருப்பார் என்று போட்டோ கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். மேளம் கேட்டது, படம் வரவில்லை. "போயிடுச்சும்மா இது. தூக்கிப் போட்டுடுங்க" என்று திருப்பித் தந்தார்.

என் தங்கை மகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் கேட்க எனக்குக் கூச்சம். அத்தைதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் சிடியிலிருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு தட்டினாள். அங்கேயும் அதே கதை. கறுப்புத் திரை, பின்னால் நாதஸ்வரம். கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தையின் அழுகை. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம், ணங்கென்று ஒரு சத்தம், ஒரு சிரிப்பு. மாமாவின் சிரிப்பு.

"உசுரோட இருந்தப்பவும் கேமராவுக்கு ஒளிஞ்சாரு, இப்பவும் ஒளிஞ்சிக்கினாரு பாரு" என்றார் அத்தை. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒளியல ஆயா, உள்ளதான் இருக்காரு" என்றாள் தங்கை மகள். என் பக்கம் திரும்பி, "படம் கெட்டுப்போவுல பெரிம்மா. வீடியோவ சுருக்கி மடிச்சி உள்ள வச்சிருப்பாங்க. மடிச்ச மாதிரியே திரும்பப் பிரிக்கணும். பிரிக்கிற சாமானுக்குக் கோடெக்குன்னு பேரு. சத்தத்தைப் பிரிக்கிறது இதுல இருக்குது, படத்தைப் பிரிக்கிறது இல்ல. அவ்ளோதான்" என்றாள்.

புடிச்ச கைதான் சரியில்ல என்று யாரோ சொன்னது போலிருந்தது.

வந்தவர்களுக்கு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே அவள் வேலை செய்தாள். அந்த வீடியோ எந்த விதத்தில் மடித்ததென்று முதலில் பார்த்தாள். இருந்த பிளேயரையே புதுசாக்கிப் பார்த்தாள், வரவில்லை. இதோ கோடெக், இலவசம் என்று திரையில் ஒன்று மினுக்கியது. எடுத்துக்கொள்ளேன் என்றேன். "கண்ட எடத்துல எறக்கினா வைரஸ் வந்து என் கடையே படுத்துக்கும் பெரிம்மா" என்று சிரித்தாள். கடைசியில், எல்லா விதத்தையும் பிரிக்கத் தெரிந்த வேறொரு பிளேயரை அதன் சொந்த இடத்திலிருந்தே இறக்கினாள். பதறவில்லை, அலுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் விரல்கள் அப்படி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பாராட்டி ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

திரையில் வெளிச்சம் வந்தது. கல்யாண மண்டபம். மாமா கொண்டுவந்த சீர்த் தட்டுகளில் பீங்கான் கோப்பைகள். பட்டுப் பாவாடை கட்டிய ஒரு குட்டிப் பெண் அதில் ஒன்றைக் கீழே தள்ளிவிட்டு அழுகிறாள். கல்யாண வீட்டில் பீங்கான் உடைந்தால் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? மாமா அவளருகே உட்கார்ந்து வலது கையில் வேறொரு கோப்பையைப் பிடித்து, அந்தக் கை விரலாலேயே சுண்டுகிறார். தொப். ணங். பெண் சிரிக்கிறாள். அவள் கண்ணெல்லாம் அந்தக் கோப்பை மேலேயே இருக்கிறது.

மாமாவின் இடது கை அப்போது உடைந்த சில்லுகளைத் தோள் துண்டில் பொறுக்கி முடிந்துகொண்டிருந்தது.

"நிறுத்து, நிறுத்து! இந்த மூஞ்சிதான்" என்றார் அத்தை. மீசைக்குக் கீழே முழுச் சிரிப்பு. அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். நான் மட்டும் முகத்தைப் பார்க்காமல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பலகையோடு விழுந்த மறுவாரம் மாமா சுண்டிப் பார்க்கும் இடத்தில் இல்லை. தேடிப் போனேன். சூளை வாயில் அனலுக்கு முன்னால் வியர்த்து வழிய நின்றிருந்தார்.

"ஏன் மாமா இங்க வந்துட்ட?"

"அங்க ஒரே குளுரு பாப்பா. இங்கதான் இதமா இருக்குது."

அது சித்திரை மாதம். நான் எப்போதும்போல் அங்கே வேலையில் இருந்த அம்மாவிடம் ஓடிப்போய், மாமாவுக்குக் குளிருகிறதாம், வீட்டிலிருந்து என் போர்வையைக் கொண்டுவந்து கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.