வாழைநாரில் அளந்த தொட்டி

கண் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் பச்சைத் துணியும் அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடியுமாகச் சாங்வியில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். பார்க்க ஒரு கண்ணே போதுமாக இருந்தது. என் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைக் காணவில்லை. முன்னால் மூக்கும் டிரைவர் அறையும் அப்படியே நிற்கின்றன. பின்னால் இரண்டு இரும்புச் சட்டம், இரண்டு சக்கரம், அவ்வளவுதான். நடுத்தெருவில் வேட்டியை உருவிவிட்ட ஆள் மாதிரி நின்றது வண்டி.

"தொட்டி எங்கடா?" என்று மகனைக் கேட்டேன்.

"அது பூரா துருப்பா. பங்கார்காரன் வந்தான், குடுத்துட்டேன். நீங்க டென்ஷன் எடுத்துக்காதீங்க. மிச்சத்தையும் அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கான்."

பங்கார்காரன் என்றால் இந்த மராட்டி ஊரில் பழைய இரும்பு வாங்குகிறவன். மகன் கெட்டவன் இல்லை. ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எழுபத்தாறு வயதில் அப்பன் வண்டியைக் கொண்டுபோய் எங்கேயாவது மோதிவிடுவான் என்று அவனுக்குப் பயம். அதை முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இரண்டு நாளைப் பார்த்து வண்டியைப் பாதியாக்கிவிட்டான்.

அந்த வண்டி அவனைவிட மூத்தது. பேக்கரி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நான் டிரைவராக இருந்தபோது அதில் ரொட்டி ஏற்றினேன். அவர் கடையை மூடியபோது வண்டியை நானே வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் வாழை இலையும் தேங்காயும். வாரத்தில் மூன்று நாள் மார்க்கெட் யார்டில் ஏற்றிக்கொண்டு வந்து, சாங்வி, பிம்ப்ரி பக்கம் இருக்கிற நம் ஊர் மெஸ்களுக்கும் கல்யாணக்காரர்களுக்கும் இறக்குவேன். ஒரு மழைக்கு அணையைத் திறந்துவிட்டு ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் சந்தில் இருந்த அத்தனை பேருடைய கேஸ் சிலிண்டரும் அந்தத் தொட்டியில்தான் மேட்டுக்குப் போனது. ஒரு மராட்டிக்காரப் பாட்டி தன் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதை விட்டு இறங்க மாட்டேன் என்று சாயங்காலம் வரை தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் வண்டிக்கு பாஸிங். ஆர்.டி.ஓ. மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இன்னும் ஒரு வருஷம் ஓடலாம் என்று காகிதம் வாங்க வேண்டும். தொட்டி இல்லாத வண்டியை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். காகிதம் கிடைக்கவில்லையென்றால் வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. அப்புறம் பங்கார்காரன்தான்.

"மிச்சத்தை எவனும் தொடக்கூடாது" என்று மகனிடம் சொன்னேன். "பாஸிங்குக்கு நான் கொண்டுபோவேன்."

"எப்படி ஓட்டிட்டுப் போவீங்க? பின்னாடி லைட்டுகூட இல்ல."

"நீ வேலையப் பாரு."

கண் கட்டை அவிழ்த்த மறுநாளில் இருந்து பழைய சாமான் சந்துகளில் அலைந்தேன். தொட்டியை இங்கே ஹவுதா என்பார்கள். ஹவுதா என்று கேட்டால் எல்லாரும் நேற்று வந்த வண்டியின் ஹவுதாவைக் காட்டினார்கள். என் வண்டியைச் சொன்னதும் சிரித்தார்கள்.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது மருமகளின் பிறந்தநாளில். ஹிஞ்சேவாடிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார்கள். பழைய காலம் மாதிரி ஜோடித்திருந்தார்கள். சுவரில் சைக்கிள் தொங்கியது. சைக்கிளுக்குச் சுவரில் என்ன வேலை? வாசல் பக்கம் பார்த்தால் என் வண்டியின் தொட்டி! என்னுடையது இல்லை, அதன் கூடப்பிறந்தது. அதே மூன்று வரி மேடு, அதே கயிறு கட்டும் கொக்கி. உள்ளே ஐஸ் கட்டியைக் கொட்டி சர்பத் பாட்டில்களைச் செருகி வைத்திருந்தார்கள்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். சின்ன வயசுக்காரன், மரியாதையானவன். இந்தியில்தான் பேசினோம்.

"தம்பி, இந்தத் தொட்டியை எனக்குக் குடுத்துருங்க. என்கிட்ட இதோட முன்பக்கம் இருக்கு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "முன்பக்கம் இருக்கா அங்கிள்? நாங்க அதைத்தான் தேடிட்டு இருக்கோம்! நீங்க குடுங்க. இஞ்சினை எடுத்துட்டு உள்ள ரெண்டு பேர் உக்காந்து சாப்பிடுற மாதிரி மேஜை போட்டுருவோம். எல்லாரும் போட்டோ எடுப்பாங்க."

"உங்க கடையில ஓடுற சாமானே கிடையாதா?"

"ஏசி ஓடுது அங்கிள்."

அவனிடம் பின்பக்கம், என்னிடம் முன்பக்கம். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. ஆனால் மகன் விட்டுவிட்டான். தன் நம்பரை அவனிடம் கொடுத்து, பாஸிங்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டான்.

"பங்கார்ல நொறுக்குறதுக்கு இது கௌரவம்தானேப்பா" என்றான் காரில் திரும்பும்போது.

"ரொம்ப கௌரவம். நானும் போய் அந்த ஸ்டீரிங் முன்னால உக்காந்துக்கிறேன். வாரவன் என்னையும் சேத்து போட்டோ எடுக்கட்டும்."

"உங்களைப் பாத்தா சாப்பிட வந்தவன் எந்திரிச்சுப் போயிருவான்" என்றாள் பின்சீட்டில் இருந்த என் பெண்டாட்டி.

ஆனால் அவள்தான் மறுநாள் என்னோடு பஸ் ஏறினாள். தொட்டியைக் கொடுக்க மாட்டான், சரி. அளவை யார் தடுப்பது? மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். டேப்பில் இருக்கிற கோட்டைப் படித்து எழுதுகிற வேலை எனக்கு ஆகாது. இலைக்கட்டு கட்டுகிற வாழைநார் ஒரு கொத்தை ஈரமாகச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் உள்ளே உட்கார்ந்து மோர் கேட்டாள். நான் வாசலில் தொட்டிக்கு அடியில் நுழைந்தேன். நீளத்துக்கு ஒரு நார், அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. சட்டத்தில் போல்ட் மாட்டுகிற ஓட்டைகளுக்கு இன்னொரு நாரில் முடிச்சு முடிச்சாகப் போட்டேன். சட்டம் வீட்டில்தானே இருக்கிறது, ஓட்டையை அங்கேயே அளந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் புத்தி அன்றைக்கு வரவில்லை.

வெளியே வந்தபோது மேனேஜர் நின்றுகொண்டிருந்தான். "என்ன அங்கிள், ஏதும் விழுந்துருச்சா?"

அவள் மோர் கிளாஸோடு வந்தாள். "அவுக மூக்குக்கண்ணாடி விழுந்துருச்சு தம்பி. கெடைச்சுருச்சு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பிம்ப்ரியில் ஒரு வெல்டர். எனக்கு இருபது வருஷப் பழக்கம், மராட்டிக்காரர். அவருக்குக் கை ஓய நாலு நாள் ஆனது. அதுவரை நார் எங்கள் பால்கனி ஆணியில் வெயிலில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். தகடு, சட்டம் எல்லாம் அவரே எடுத்தார். ஃபாக்டரிக்கு மெஷின் வருகிற பெட்டிப் பலகை நல்ல கெட்டி. அதை நான் தரைக்கு வாங்கினேன். தொட்டி பிரமாதமாக வந்தது. பாஸிங்குக்கு மூன்று நாள் முன்பு டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலு பேராகத் தூக்கிச் சட்டத்தில் வைத்தோம்.

ஒரு ஓட்டையும் சேரவில்லை. முன்பக்கம் டிரைவர் அறைக்கும் தொட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி கூடுதல்.

வெல்டர் தன் டேப்பை வைத்து அளந்தார். நாரை வாங்கிப் பார்த்தார். சுருண்டு, சருகாகி, முடிச்செல்லாம் இறுகிப்போயிருந்தது.

"அண்ணா, பச்சை நாரிலயா அளந்தீங்க?"

"ஆமா."

"இட்லி மாவில அளந்திருந்தா பொங்கியாவது இருக்கும்."

நாற்பது வருஷமாக அந்த நாரோடு புழங்குகிறவன். காய்ந்தால் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இலைக்கட்டில் தெரியும். அளவுக்கயிறாக அதைப் பிடித்தபோது மறந்துபோனேன். மகன் மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஒட்டுப் போடுங்க. இரண்டு விரல் பட்டை முன்னால. கீழ ஓட்டையைப் புதுசா அடிங்க" என்றேன்.

"தழும்பு மாதிரி தெரியும் அண்ணா."

"தெரியட்டும். என் வயித்துலயும் ஒண்ணு இருக்கு. நான் சட்டை போடாமத்தான் திரியுறேன்."

வெல்டர் தன் மெஷினை வாசலுக்கே கொண்டுவந்தார். கடைசி போல்ட்டுக்கு நான் கீழே படுத்து ஸ்பேனரைப் பிடிக்க, மேலே போல்ட் தலை சுற்றாமல் பிடித்துக்கொண்டது என் பெண்டாட்டி. "இறுக்குனது போதுமா, இல்ல இன்னும் பிடிக்கணுமா? சோறு அடுப்புல இருக்கு" என்று சத்தம் போட்டுக்கொண்டே பிடித்தாள்.

பாஸிங் அன்று மகன் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தான். தோற்றுவிட்டு வந்தால் என்னைக் காரில் கூட்டிவர வேண்டுமே என்று நினைத்திருப்பான். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். பிறகு தொட்டியைச் சுற்றி வந்து முன்பக்க ஒட்டில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"அளவு தப்பிப்போச்சு சாகேப். ஒட்டுப் போட்டுருக்கு."

"லோடு ஏத்தினா விட்டுடாதா?"

சக்கரத்தில் கால் வைத்துத் தொட்டிக்குள் ஏறினேன். அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் நின்று குதித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை. மைதானத்தில் வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பா!" என்று மகன் கத்தினான். மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம் உயரமாகக் குதித்தேன்.

"போதும் காகா, இறங்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டி உடையாது. நீங்க உடைஞ்சா எனக்குக் கேஸ் ஆயிடும்."

காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "ஒரு வருஷம்தான். அடுத்த வருஷமும் இதை எடுத்துட்டு வருவீங்களோ?"

"நான் வாரேன் சாகேப். நீங்க இருப்பீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும்தான். மகன் சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டி என்னை இறக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் மேனேஜர் சொன்னபடியே வந்தான். பிம்ப்ரியில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் நான் இலை இறக்கிக்கொண்டிருந்தேன். மகன்தான் இடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். மேனேஜர் வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தான். முழுசாக இருந்தது.

"அங்கிள், இப்ப ரெண்டையும் சேத்தே எடுத்துக்கிறோமே" என்றான்.

ஈரம் சொட்டுகிற இலைக்கட்டு ஒன்றைத் தூக்கி அவன் இரண்டு கையிலும் வைத்தேன்.

"மூணாவது மாடி. லிஃப்ட் வேல செய்யல" என்றேன்.