ஹீட்டர் பிளக்குக்குப் பதில் தீத்துணி

என் தம்பியின் வலது கண் போனதற்கு எங்கள் டீசல் காரைப் பழுது பார்த்த தென்காசி மெக்கானிக்தான் காரணம்.

நாங்கள் ஐந்தருவிக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள். இஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் எரிந்துபோனால் சாரல் காலத்தில் வண்டி கிளம்பாது. எங்கள் வண்டியில் அது எரிந்துபோகவே, மெக்கானிக்கிடம் புது பிளக் கேட்டோம்.

"அது எதுக்குவே? காத்து போற குழாய்ல மண்ணெண்ணெய்த் துணியக் கொளுத்திக் காட்டும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கிளப்புதாங்க" என்றார்.

அதை நம்பியது என் தப்பு. மறுநாள் காலையில் தம்பி துணியைப் பிடித்தான். நான் சாவியைத் திருகினேன். இஞ்சின் உதைத்து, குழாய் வழியே தீ அவன் முகத்தில் பாய்ந்தது.

இப்போது புது பிளக் போட்டு, அது சூடாகும் வரை காத்திருந்துதான் கிளப்புகிறேன். அவரோ இன்றும் அதே துணியைத்தான் எல்லாருக்கும் சொல்கிறார். தன் முகத்தருகே அதைப் பிடிப்பாரா? இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதட்டும்.