நடுக்கோட்டைத் தாண்டாத வெந்தோ

சுவரைப் பார்த்துத்தான் வெந்தோ இடம் பிடிப்பான். பீர்க் கடையில் மூலை மேசை, கோயிலில் கடைசி பெஞ்சு, பேருந்தில் கடைசி இருக்கை. கல்யாண விருந்துக்குப் போனால் முதலில் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டு அப்புறம்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பான். "பின்னால நிக்கிறவன் யாருன்னு தெரியாம எப்படி ஒரு வாய் ரொட்டி இறங்கும்?" என்பான். கால்பந்தில் பதினாறு வருஷம் தடுப்பாட்டக்காரனாக நின்றவனுக்கு அந்தப் புத்தி எலும்பில் ஊறிவிட்டது.

பதிவேட்டில் வெந்தெலின் தோம்சிக். ஊருக்கு வெந்தோ. அவன் அம்மா ஃபிலோமெனா என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை. ஆக அவன் எனக்கு மருமகன். ஐம்பத்தெட்டு வயது. எந்த வீட்டுக்குப் போனாலும் நிலைப்படிக்குத் தலை குனிகிற உயரம். அந்த உயரம் ஃபிலோமெனா வழியில் வந்ததில்லை, அவன் அப்பாவின் தாய்மாமன் ஒருவர் கோயில் மணியைக் கைநீட்டித் தொடுவார் என்பார்கள், அவருடையது.

நாடு இரண்டாகப் பிரிந்து ஸ்லோவாக்கியா தனியான வருஷம் அவன் முதல் பிரிவில் நகரத்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். வழுக்கி விழுந்து பந்தைப் பறிக்கிற வேலையே அவனிடம் கிடையாது. "தரையில விழுந்தவன் எழுந்திருக்கறதுக்குள்ள பந்து வலைக்குள்ள போயிடும். நில்லு. காத்திரு. தப்பை அவன் பண்ணட்டும்." மழை நாளிலும் அவன் கால்சட்டை வெள்ளையாகவே வீடு திரும்பும். "என் பிள்ளை ஆட்டத்துக்குப் போறானா, பூசைக்குப் போறானா?" என்று ஃபிலோமெனா அதை முகர்ந்து பார்ப்பாள்.

பதினாறு வருஷத்தில் ஒரு கோல் போட்டதில்லை. போடவும் முயன்றதில்லை. நடுக்கோடு வரை போவான், ஏதோ ஆற்றங்கரைக்கு வந்துவிட்டவன் போல நின்றுவிடுவான். ஒரு கோப்பை ஆட்டத்தில் கடைசி நிமிஷம், ஒரு கோல் பின்தங்கியிருக்கிறார்கள். பயிற்சியாளர் தொண்டை கிழிய, "போடா முன்னால!" என்று கத்துகிறார். இவன் சாவகாசமாகத் திரும்பி, "அங்க எனக்கு என்ன வேலை?" என்றானாம்.

முழங்கால் போனதும் பயிற்சியாளன் ஆனான். ஒரு சங்கத்தில் தொடர்ந்து ஏழு ஆட்டம் கோலே இல்லாமல் சமன். தலைவர் கூப்பிட்டு, "வெந்தோ, தோத்தாக்கூடத் தாங்கிக்குவோம்டா. போன ஆட்டத்துல டிக்கெட் கிழிக்கிறவரே தூங்கிட்டாரு" என்று சொல்லிப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். அதோடு ஊர் வந்தவன்தான். இப்போது அவன் பயிற்சி கொடுக்கிற எங்கள் ஊர் அணி இருப்பது ஏழாவது பிரிவில். அதற்குக் கீழே பிரிவு இல்லை, மாட்டுத் தொழுவம்தான்.

அவன் பயிற்சியில் தடுப்பாட்டக்காரர்கள் கைக்கு ஒன்றாக இரண்டு உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். கிழங்கு இருக்கிற கை எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுக்காது. கீழே போட்டவன் அன்றைய குழம்புக்குத் தோல் சீவ வேண்டும். "கோச், எனக்குக் கல்யாணம் ஆனா பொண்டாட்டிக்கு வேலையே இருக்காது" என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். "முதல்ல ஆகட்டும் பாப்போம்" என்றான் வெந்தோ. பெஞ்சு முழுவதும் சிரித்தது. ஏனென்றால் சொல்லுகிறவனுக்கே ஆகவில்லை.

ஸ்டீபன் திருநாளில், அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம். ஆனவர்களுக்குச் சிவப்புச் சட்டை, ஆகாதவர்களுக்கு வெள்ளை. மீசை முளைக்காத பயல்களுக்கு நடுவே வெந்தோ வெள்ளைச் சட்டையில் நிற்பான். "உன்கூட வெள்ளை போட்ட பயலுக்கெல்லாம் பேரன் பொறந்தாச்சு!" என்று சிவப்பு அணித் தலைவன் இக்னாட்ஸ், கறிக்கடைக்காரன், வருஷம் தவறாமல் கத்துவான். "இந்தப் பக்கம் வர்றதுக்கு விசா கிடைக்கலையாடா?"

அந்த இரண்டு நிறச் சட்டைகளையும் துவைத்துக் கொடியில் போடுகிறவள் ஹெட்விகா. என் மனைவியின் அண்ணன் மகள். கணவன் காட்டில் மரம் வெட்டப் போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு இறந்துபோனான். அன்றிலிருந்து பதினைந்து நாள் ஆஸ்திரியாவில் ஒரு கிழவிக்குத் துணை, பதினைந்து நாள் இங்கே. திருநாள் ஆட்டத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் பெரிய கொப்பரையில் புளித்த முட்டைக்கோஸ் சூப் கொதிக்க வைப்பாள். முதல் கிண்ணம் வெந்தோவுக்கு, உலர்ந்த பிளம் பழம் இரண்டு கூடுதலாக. அவன் வாங்கிக்கொண்டு வேலியில் முதுகைச் சாய்த்து, அவளைப் பார்த்தபடியே சாப்பிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்பான். பத்து வருஷமாக இவ்வளவுதான் பேச்சு. அவன் அவளுக்காகக் காத்திருக்கிறான் என்று ஊரில் தெரியாத ஆள் இல்லை. அவள் எதிராளி இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

போன டிசம்பரில் சட்டைகளை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "கிழவி வீட்டுல ஒரேயடியா வந்து இருந்துடச் சொல்றாங்க. ஸ்டீபன் நாளுக்கு மறுநாள் வேன் வருது. இந்தத் தடவை திரும்பி வர்ற மாதிரி இல்ல."

வெந்தோ மலைப் பக்கம் பார்த்தான். "மலைப்பாதையில பனி ஜாஸ்தியா இருக்கும். பாத்துப் போ."

அன்று மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அத்தை, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வேனை நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த ஆளு இடிச்ச புளி மாதிரி நிக்கிறான்." என் மனைவி பாப்பி விதை ரொட்டியை அறுத்து வைத்தாள். ஹெட்விகா ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

ஸ்டீபன் நாளில் மைதானம் முழுக்கப் பனி. கொடியில் ஒரு சிவப்புச் சட்டை மிச்சம். அதற்குரியவன் வீட்டில் பிளம் சாராய மயக்கத்தில் கிடந்தான். சட்டை விறைத்துப் பலகையாகத் தொங்கியது. கொப்பரையும் கொடியும் அந்தக் கோடியில், சிவப்பு அணியின் கோலுக்குப் பின்னால். வெந்தோ இந்தக் கோடியில்.

இரண்டுக்கு இரண்டு. பந்து உருண்டு வெந்தோவின் காலடிக்கு வந்தது. நடுக்கோடு வரை தள்ளிக்கொண்டு போனான், வழக்கம் போல நின்றான். இக்னாட்ஸ் எதிரே வந்து, "என்னடா, விசா?" என்றான்.

வெந்தோ பந்தை அங்கேயே விட்டான். கோட்டைத் தாண்டி நடந்தான்.

"கோச்! பந்து இங்க இருக்கு!"

"டேய், ஆஃப்சைடுடா!" என்றது வேலியோரக் கூட்டம். நடுவர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்தார். இக்னாட்ஸ் ஆளில்லாத பக்கம் ஓடி கோல் போட்டான். அதை யாரும் பார்க்கவில்லை.

வெந்தோ கோல் கம்பத்தைச் சுற்றிப் போய்க் கொடியிலிருந்த சிவப்புச் சட்டையை உருவினான். வெள்ளைக்கு மேலேயே தலையை நுழைத்தான். சட்டையின் விறைத்த கைகள் இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி நின்றன. கொப்பரைக்கு முன்னால் போய் நின்றான்.

ஹெட்விகா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தாள். "முன்பக்கத்தைப் பின்பக்கமா போட்டிருக்க."

"நீயே சரி பண்ணு" என்றான் வெந்தோ. மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டியபடி, இரண்டு கைகளையும் அவள் முன்னால் மேலே தூக்கினான்.