மஞ்சள் பட்ட தோல் ஜாக்கெட்

புனேவில் ஔந்த் பகுதியில் நாங்கள் இருந்த குடியிருப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாலே பேர். அப்பா, அம்மா, நான், அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த மாமா. மற்றப் பிள்ளைகள் மராத்தியில் விளையாடுவார்கள். எனக்கு விதிமுறை புரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே எனக்கு வாய்த்த ஒரே தோழன் மாமாதான்.

அந்தக் குளிர்காலத்தில் மாமா பழைய துணிக்கடை ஒன்றில் பழுப்பு நிறத் தோல் ஜாக்கெட் வாங்கினார். அந்தக் காலத்துத் தையல், அகலமான காலர். வெள்ளைச் சட்டை, கருஞ்சிவப்பு டை, அதன்மேல் அதைப் போட்டுக்கொண்டு ஹடப்சர் ஆபீசுக்குப் போனார். கூட வேலை பார்த்த மராத்திப் பெண் ஒருத்தி, பழைய காலத்து விமானி மாதிரி இருக்கிறாய் என்றாளாம். இதை என்னிடம் மட்டும் பலமுறை சொன்னார். பிறகு வெயில் ஏறியும் ஜாக்கெட் அவர் உடம்பை விட்டு இறங்கவில்லை. வியர்த்துக் கொட்டுகிறதே என்று அம்மா கேலி செய்தால், புனேக் குளிர் உனக்குத் தெரியாது என்பார்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. முதல் நாள் கசார்வாடியில் அவள் வீட்டு விழாவுக்கு மாமாவை அழைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் என்றால் நமக்கு ரிசப்ஷன்தானே. மாமா ஜாக்கெட்டைத் துடைத்து மாட்டி, டையைக் கட்டிக் கட்டி அவிழ்த்தார். எனக்குப் பட்டுப்பாவாடை. பைக்கில் போய் இறங்கினால், அங்கே நடப்பது மஞ்சள் பூசுகிற சடங்கு. எல்லோரும் கறைக்குத் துணிந்த உடுப்பில் மஞ்சளும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலாம். பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு அருகே கூப்பிட்டாள். அவள் முகமெல்லாம் மஞ்சள். அடுத்த கல்யாணம் உனக்குத்தான் என்று இந்தியில் சொல்லியபடி மாமாவின் கன்னத்தில் பூச வந்தாள். மாமா ஏனோ சட்டென்று முகத்தைத் திருப்பினார். விரல்கள் காலரில் பதிந்தன. அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். மாமா சிரித்தார். வீடு வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

அம்மா ஈரத்துணியும் தேங்காய் எண்ணெயுமாக வந்தாள்.

"இப்பவே தொடச்சாப் போயிரும்டா, குடு."

"அதத் தொடாதக்கா. இருக்கட்டும்."

அம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் மாமா அந்த ஜாக்கெட்டைப் போடவில்லை. அது பீரோவுக்குள் போனதோடு, என்னை பைக்கில் ஏற்றிச் சுற்றுவதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. அவ்வளவு தனியாக நான் அதுவரை இருந்ததில்லை. எல்லாம் அந்தக் கறையால் வந்த வினை என்று எனக்குள் தீர்மானம். அதே மாதிரி இன்னொன்று வாங்கிக் கொடுத்தால் மாமா சரியாகிவிடுவார் என்று அப்பாவை நச்சரித்தேன். புது உடுப்பு எது வந்தாலும் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பது அம்மாவின் வழக்கம். புது ஜாக்கெட் வந்தால் அதற்கு மட்டும் வைக்கக்கூடாது, வைத்தால் மாமா போடமாட்டார் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.