சத்தம் வராத பவுன்

மாமா இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறார். போவதற்கு முன் சொந்தக்காரர், தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கி, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எங்கள் ஆட்களின் வழக்கம். போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கும் வந்தார். சாயாவைக் கையில் கொடுத்துவிட்டு, தையல் மாமி வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

"அங்கெ எதுக்கு? அது வியாபாரமாக்கும்" என்றார்.

கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று முறை எழுந்து பார்க்கிற ஆள் நான். எதற்கும் முதலில் பயம்தான் வரும். அன்றைக்கு வந்தது கோபம், இன்னும் போகவில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. மட்டாஞ்சேரியில் பழைய சாமான் கடை. உருளி, தொங்கு விளக்கு, கப்பல் திசைகாட்டி என்று வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜா தலையும் ராணி தலையும் போட்ட தங்கப் பவுன்கள் இருக்கும். தங்கத்துக்கு ஒரு விலை, பழங்காசு என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு விலை. அதனால் பவுன் விற்க யார் வந்தாலும் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

எனக்கு அப்போது பத்து வயது. மாமா எனக்கு ஒரு விளையாட்டுப் பழக்கியிருந்தார். சுவரைப் பார்க்க நிற்கவைத்து, மேஜையின் சலவைக்கல்லில் காசைப் போடுவார். நல்ல பவுன் விழுந்தால் சத்தம் மெல்லிசாக எழுந்து கொஞ்ச நேரம் நிற்கும். கள்ளக் காசு டொக்கென்று அடங்கிவிடும். நான் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. படகு கவிழுமா, பாம்பு வருமா என்று வீட்டில் எல்லோரையும் அரித்தெடுக்கிற பிள்ளை, அந்தச் சுவருக்கு முன்னால் மட்டும் பெரிய மனுஷி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் மாமி வந்தாள். எங்கள் சந்தில் குடியிருந்தவள், எனக்குப் பெருநாள் பாவாடை தைத்துத் தருகிறவள். கணவன் இல்லை. மகளுக்கு மங்களூரில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. புதன்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நான்கு பவுன்களை வைத்தாள். அவள் அம்மாவின் காசுமாலையில் மிச்சமிருந்தவை என்றாள்.

தராசும் பூதக்கண்ணாடியும் உரைகல்லும் மாமாவின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தன. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. உரைத்தால் மேல்பூச்சுத்தான் தெரியும், உள்ளே தெரியாது, வெட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். மாமி பதறிப்போய் வேண்டாம் என்றாள். "அப்ப சத்தம் பாக்கலாம். நம்ம பிள்ளை கேக்கட்டும், நான்கூட வேண்டாம்" என்றார் மாமா.

சுவரைப் பார்த்து நின்றேன். முதலில் மாமாவின் பவுன் விழுந்தது. மணி போல நின்றது. அடுத்து நான்கும் ஒவ்வொன்றாக விழுந்தன. டொக். டொக். கள்ளம், கள்ளம் என்று நான்கு முறை சொன்னேன். குரலை உயர்த்தியே சொன்னேன்.

 வேறு கடையில் காட்டிப் பார்க்கிறேன் என்றாள் மாமி. "காட்டுங்க. அவங்க கள்ளக் காசுன்னு போலீஸெக் கூப்பிட்டா எங்கிட்ட வராதீங்க" என்றார் மாமா. கடைசியில் மனம் இரங்கியவர் போல, உருக்கினால் தேறுகிற தங்கத்துக்கு என்று பாதி விலை கொடுத்தார். அந்தப் பணம் ஃபீஸுக்குப் போதவில்லை. மகள் தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். ஐஸில் ஊறி வெளுத்த அவள் விரல்களை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். கள்ளக் காசு வைத்திருந்த வீட்டுப் பெண் என்று தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

என் கல்யாணத்துக்கு மாமா ஒரு பவுன் தந்தார். புகுந்த வீட்டில் யாரும் பார்க்காதபோது அடுக்களைக் கல்லில் போட்டுப் பார்த்தேன். டொக். மாமா என்னையே ஏமாற்றிவிட்டார், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று பதினோரு வருடம் அதைத் துணிக்கடியில் ஒளித்து வைத்தேன். இரண்டு மாதத்துக்கு முன், அதை உருக்கிப் பிள்ளைக்கு வளையல் செய்யச் சொன்னார் மாமியார். வேறு வழியில்லை. எர்ணாகுளத்தில் ஒரு நகைக்கடையில் நீட்டினேன்.

கடைக்காரர் முதலில் எடை போட்டார். பிறகு கண்ணாடி வைத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் கல்லில் உரைத்தார்.

"சுத்தத் தங்கமாக்கும், சேச்சி. இதெ உருக்கவேண்டாம், பழைய காசு."

சத்தம் வரவில்லையே என்றேன். விளிம்பில் கடுகளவு ஒரு வடுவைக் காட்டினார். "மாலையில கெடந்த காசுதானே. கொக்கி பத்தவச்ச இடம் இது. பத்தவச்ச காசு பின்னே மணியடிக்காது. இந்தத் தொழில்ல இருக்கிற யாருக்கும் தெரியும்."

ஒரு நிமிடம் நிம்மதி. அடுத்த நிமிடம் அந்தக் கடையிலேயே கத்தவேண்டும் போலிருந்தது. யாருக்கும் தெரியும். தையல் மாமியின் காசுகளும் மாலையில் கிடந்தவைதான், அது மாமாவுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, "நான் என்ன பொய் சொன்னேன்? கள்ளம்னு நீதானே சொன்னே" என்றார். பொறுத்துக்கொண்டேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா காசுகளைப் பெட்டிக்குள் வைக்கத் திரும்பிய நேரத்தில் தையல் மாமி என் முன்னால் குனிந்து தாடையைப் பிடித்தாள்.

"மோளே, நீ பொய் சொல்லமாட்டே. நல்லாக் கேட்டுத்தானே சொன்னே?"

"ஆமா மாமி. சத்தம் வரல்லே."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைக்குட்டையை மடித்தாள். மாமாவே எதிரில் நிற்கும்போது அவள் ஏன் என்னிடம் கேட்டாள் என்று நான் யோசிக்கவில்லை. என் காது அவ்வளவு பேர்பெற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.