ஓடைக்கரையில் இரண்டாவது குரல்

ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். வேலூரிலிருந்து ஜவ்வாது மலை. இரண்டு இரவு, மூன்று பகல், தனியாக. ஏன் தனியாக என்று அலுவலகத்தில் கேட்டவர்களிடம், கூட்டமாகப் போனால் பறவை பறந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். உண்மையில் கூட வர ஆள் இல்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். விடுமுறை நாட்களில் குக்கர் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்காத வீடு.

போனதற்குக் காரணம், பொதுமக்கள் கருத்துக்காக இணையத்தில் போட்டிருந்த ஒரு வரைவுத் திட்டம். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள், நான் படிப்பேன். வெயில் கூடி, மழை காலம் தப்பிப் பெய்வதால் மலை ஓடைகள் சீக்கிரம் வற்றுகின்றன. ஓடையை நம்பி வாழும் உயிர்கள் காணாமல் போகின்றன. எல்லா ஓடைகளையும் காப்பாற்றப் பணம் இல்லை. அதனால் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் தலைப்பகுதியில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்று விதி கொண்டு வரப் போகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? ஓடையை நம்பி வாழும் பறவை இனத்தில் குறைந்தது இரண்டு பறவைகளாவது அங்கே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் குஞ்சு பொரிக்க வழியில்லை, அங்கே செலவழிப்பது வீண் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அந்தப் பட்டியலில் ஜவ்வாது மலையின் ஒரு சின்ன ஓடையும் இருந்தது. மரத்தில் கட்டிய ஒலிப்பதிவுக் கருவியில் சீழ்க்கைக் குருவிகள் இரண்டு, காலையும் மாலையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது பதிவாகியிருக்கிறது என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்க இரண்டு பேருந்து மாறிப் போனவள் நானாகத்தான் இருப்பேன்.

வேலூரில் காலை ஆறரைக்குத் திருவண்ணாமலை வண்டி. கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். போளூரில் இறங்கி, முக்கால் மணி நேரம் காத்திருந்து ஜமுனாமரத்தூர் பேருந்தைப் பிடித்தேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை, டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். இடதுபுற ஜன்னலோரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வயிறு ஒத்துழைக்காதவர்கள் காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது; நான் பூரி சாப்பிட்டுவிட்டு வளைவுக்கு வளைவு வருந்தினேன்.

ஜமுனாமரத்தூரில் அறை எடுத்து (ஓர் இரவுக்கு எழுநூறு, வெந்நீர் வாளியில் வரும்), மதியம் மூன்று மணிக்கு ஓர் ஆட்டோ பேசினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், போக வர அறுநூறு. ஓட்டுநர் பாபுவுக்கு முப்பது வயதிருக்கும். ஊரைத் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தனியாவா வந்துக்கிறீங்க மேடம்?"

"ஆமாங்க."

"கூட யாரும் வர்லீங்களா?"

"வரலைங்க."

"அங்க இன்னா இருக்குதுன்னு போறீங்க? ஃபால்ஸே வத்திப் போச்சு. படகுத் துறைக்கு வுடட்டுமா, ஒரு ரவுண்டு போய்ட்டு வர்லாம்?"

படகில் நான் மட்டும் உட்கார்ந்து ஒரு சுற்று வருவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

வழியில் நிலமெல்லாம் உழுது கிடந்தது. சாமை விதைக்கும் காலம். ஆனால் மழை இல்லாததால் பாதி நிலத்தில் விதைக்கவே இல்லை. ஆட்டோ நின்ற இடத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஒன்று, இரும்புக் குழாய்களைச் சுமந்தபடி நின்றது. மேலே யாரோ விடுதி கட்ட இடம் வாங்கியிருக்கிறாராம். "கவுர்மெண்டு எதோ லிஸ்ட்டு போடுதாம். அது வர்ற வரிக்கும் போர் போடக் கூடாதுன்ட்டாங்க. வண்டி சும்மா நிக்குது" என்றார் பாபு. நான் படித்த அந்த ஒற்றை வரி வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது. பெருமையாக இருந்தது, நான் எழுதிய வரி போல. விடுதி என்னைப் போல வருகிறவர்களுக்காகத்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. ஓடை என்று பெயரே தவிர, பாறைக்குழிகளில் தேங்கிய தண்ணீரும் அவற்றுக்கிடையே விரல் மொத்தத்தில் ஓர் ஓட்டமும்தான். நாவல் மரத்தடியில் உட்கார்ந்தேன். ஐந்தே முக்காலுக்கு அந்தக் குரல் வந்தது. கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்: அது பறவையின் குரல் போலவே இருக்காது. வேலைவெட்டி இல்லாத ஒருவர் நடந்துகொண்டே, பாட்டு பாதியில் மறந்துபோய், நினைவிருக்கும் வரை அடிக்கும் விசில் மாதிரி இருக்கும். அது நின்றது. கீழே புதருக்குப் பின்னாலிருந்து இன்னொரு விசில் பதில் சொன்னது. மேலே மறுபடி. கீழே மறுபடி. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன். அன்று இரவு அறையில் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பாபுவை ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருந்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். ஆறு மணிக்கு ஓடையில் இருந்தேன். ஈரப் பாறையில் பறவை தெரிந்தது. கருப்புதான், வெளிச்சம் பட்டால் தோளில் நீலம் மின்னும். கழுத்தை உயர்த்தி விசிலடித்தது. பதில் வந்தது. இணையையும் பார்த்துவிடலாம் என்று தொலைநோக்கியைப் பதில் வந்த பக்கம் திருப்பினேன். சிவப்புப் பிளாஸ்டிக் குடம் தெரிந்தது. அதன் பக்கத்தில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி, சேலையைச் செருகிக்கொண்டு, உதட்டைக் குவித்து விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெயர் காசியம்மா. வீடு ஓடைக்கு அந்தப்பக்கம். கணவர் குடகில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறார், மகளை ஆலங்காயம் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. பேச்சுக் கொடுத்ததும் வெட்கம் போய்விட்டது.

"ரெண்டு இருந்துச்சிக்கா. போன கோடைல தண்ணி சுத்தமா நின்னப்ப ஒண்ணக் காணோம். செத்துச்சோ, எங்கனா போச்சோ. இது மட்டும் கத்திக்கினே கெடந்துச்சி. கத்திட்டு நிறுத்தும், கேக்கும். மறுபடி கத்தும். எனக்கு வூட்ல குந்த முடியல. ஒரு நாளு சும்மா அடிச்சேன். அது பாட்டுக்கு அடிக்க, நான் பாட்டுக்கு அடிக்க, அப்படியே பழகிப் போச்சு."

"தினமுமா?"

"தெனமும் தண்ணிக்கு வர்றேன்ல. வூட்ல ஆளு இருந்தா அடிக்க வுடுவாரா? பொம்பள விசிலடிச்சா இன்னா பேசுவாங்கன்னு தெரியாதா உங்களுக்கு? கேக்கறதுக்குத்தான் யாரும் இல்லியே."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகுதான் அந்த ஒற்றை வரி நினைவுக்கு வந்தது.

"மரத்துல ஒரு டப்பா கட்டி வெச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"பச்ச டப்பா. கேமரான்னு நெனச்சி அந்தப்பக்கம் ஒதுங்கறதயே வுட்டுட்டேன் நானு."

கேமரா இல்லை, காது என்று சொன்னேன். அதில் பதிவான இரண்டாவது பறவை அவள்தான் என்றும், இரண்டு என்று எழுதியதால்தான் இந்த ஓடை பட்டியலில் இருக்கிறது, மேலே போர் வண்டி சும்மா நிற்கிறது என்றும் சொன்னேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் செஞ்சது தப்புங்களா? ஃபைன் போடுவாங்களா?"

"உங்க மேல தப்பே இல்ல."

"அப்ப ஒண்ணுதான்னு தெரிஞ்சா வுட்டுடுவாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

குடத்தை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தாள். பிறகு கோபமாகவே கேட்டாள்: "ஏங்கா, ஒண்டியா இருந்தா அது தண்ணி குடிக்காதா?"

தனியாக உட்கார இடம் கேட்டால் ஓட்டலில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு விதியைப் பற்றி அப்படிக் கோபப்பட எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று மதியப் பேருந்தில் அவளும் குடகுக்குக் கிளம்புவதாக இருந்தாள். சாமை விதைக்கவில்லை, இருந்த ஆடுகளையும் விற்றாயிற்று. எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாறையைப் பார்த்தாள்.

"நாளக்கி இருப்பீங்கல்ல? காலைல அது கேக்கும். ஒரு வாட்டி அடிச்சிட்டுப் போங்கக்கா."

எனக்கு விசிலடிக்கத் தெரியாது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன்.

அன்று பகல் முழுவதும் அறையில் உட்கார்ந்திருந்தேன். கோவிலூர் சிவன் கோயில், படகுத் துறை என்று பார்க்க இடங்கள் உண்டு, எதற்கும் போகவில்லை. அந்த உண்மை தெரிந்த ஒரே வெளியாள் நான். வாயை மூடிக்கொண்டால் ஓடை பிழைக்கும். போர் வண்டி திரும்பிப் போகும். ஆனால் அடுத்த முறை டப்பா கட்டும்போது ஒரே குரல்தான் கேட்கும். அப்போது ஓடையையும் நீக்கிவிட்டு, எண்ணியதெல்லாம் பொய் என்று மற்ற ஓடைகளையும் சந்தேகப்படுவார்கள். மொட்டை மாடிக்கும் அறைக்குமாக நடந்தேன். யாரிடமாவது கேட்கலாம் என்று கைபேசியில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன். கேட்கக்கூடிய பெயர் எதுவும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மறுபடி போனேன். பறவை அதே பாறைக்கு வந்தது. விசிலடித்தது, நிறுத்தியது. காத்திருந்தது. மறுபடி அடித்தது. நிறுத்தியது. காசியம்மா சொன்னது சரிதான், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியாது. உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. கைபேசியில் முதல் நாள் மாலை பதிவு செய்தது இருந்தது. அதில் அவளுடைய பதில் மட்டும் வரும் இடத்தைத் தேடி, ஒலியைக் கூட்டிவைத்தேன்.

பறவை நேராக என்னிடம் வந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தது. கைபேசியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. மிகத் தாழ்ந்த குரலில், நான் அதுவரை கேட்காத சின்ன விசில் ஒன்றை அடித்தது. கைபேசியில் பதில் சொல்ல அதற்கு மேல் எதுவும் இல்லை. நான் அணைத்தேன். அது போகவில்லை. நான்தான் எழுந்து போனேன்.

ஊர் திரும்பியதும் வரைவுத் திட்டத்துக்கு என் கருத்தை எழுதி அனுப்பினேன். ஓடையில் இருப்பது ஒரு பறவை, இரண்டாவது குரல் ஒரு பெண்ணுடையது, அவளும் இப்போது அங்கே இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவள் பெயரைப் போடவில்லை. கூடவே, ஒன்று மிஞ்சியிருக்கும் ஓடையைக் கைவிட்டால் வேறொன்று எங்கிருந்தாவது வந்து சேர இடமே இருக்காது, விதியை மாற்றுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அவள் கேட்ட கேள்வியை அப்படியே கடைசி வரியாகப் போட்டேன். பெறப்பட்டது என்று தானாக ஒரு பதில் வந்தது. போன வாரம் பாபுவுக்கு ஃபோன் செய்தேன். வண்டி இன்னும் நிற்கிறது என்றார், குழாய்களை மட்டும் இறக்கி வைத்திருக்கிறார்களாம். இறுதிப் பட்டியல் இன்னும் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆடி, ஆவணியில் மழை பெய்திருந்தால் மட்டும் போங்கள். போளூரிலிருந்தும் ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூரிலிருந்தும் பேருந்து உண்டு, ஆனால் குறைவு. திரும்பும் வண்டி நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். அறையில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள், அது எந்த ஓடையிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது. தனியாகப் போகும் பெண்களுக்குப் பயமில்லை, கேள்விகள்தான் அதிகம்.

இந்த ஓடை மலையில் சரியாக எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எந்த மலையில், எந்த ஓடையில் அந்த விசிலைக் கேட்டாலும், படம் எடுக்கும் ஆசையில் கைபேசியில் அதன் குரலைப் போட்டு மட்டும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் வரும். வந்து, உங்களுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும்.