மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

வவுனியாக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், கடைநிலைக் கிளாக்கராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. ஐம்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் அதற்கு இரண்டு பூட்டுகளோடும் வந்திறங்கினேன். ஒரு பூட்டுப் போதாதா என்று நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் கேட்டார். அதை ஏன் கேட்டார் என்று இரண்டு நாள் யோசித்தேன். என் குணம் அப்படி. தேநீர்க்கடைக்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்துவிட்டார் என்றுதான் நினைப்பேன்.

கோட்டிலே சந்தேகப்பட ஆளுக்கா பஞ்சம்? எனக்கு வாய்த்தவர் எங்கள் பியோன். நாற்பது வயதிருக்கும். வழக்கு எடுக்கப்படும்போது அவர் விறாந்தைக்கு வந்து, வீதியைப் பார்த்து, கட்சிக்காரரின் பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். அதற்குள் ஆள் உள்ளே வராவிட்டால் வழக்கு அவ்வளவுதான். அந்த வேலையில் அவருக்குப் பெரிய பெருமை. காலையிலேயே இஞ்சியை மென்று தொண்டையைச் சரிசெய்துகொள்வார். எனக்கோ அவர் சில பெயர்களை ஓங்கியும் சில பெயர்களை அமுக்கியும் கூப்பிடுவது போலவே பட்டது. போதாதற்கு, ஒரு பிரக்கிராசியாரின், அதாவது வக்கீலின், கிளாக்கரோடு தினமும் வெற்றிலை மாற்றிக்கொள்வார். சும்மா யாராவது வெற்றிலை கொடுப்பார்களா? ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அப்போதுதான் ஓமந்தைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வழக்குப் போட வந்தாள். புருஷன் இறந்து ஒரு வருஷம். குளத்துக்குக் கீழே அவன் விதைத்த வயலை அவனுடைய தமையன் மறித்துக்கொண்டு, இது தன்னுடையது என்று நின்றான். அந்த வயலை விட்டால் அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வேறு எதுவும் இல்லை. எதிராளிக்காக வந்த பிரக்கிராசியார் யாரென்று பார்த்தேன். அந்த வெற்றிலைக் கிளாக்கரின் துரையேதான்! எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

வழக்குத் தவணை நாளில் அவளுடைய பிரக்கிராசியார் மன்னாருக்குப் போயிருந்தார். பெயர் கூப்பிட்டதும் அவளே எழுந்து போய் வேறு தவணை கேட்க வேண்டும். அவ்வளவுதான் காரியம். ஆனால் முற்றத்து மரத்தடியில் அந்தக் கிளாக்கர் நின்றார். இவளைப் பசப்பி ஏதாவது கடதாசியில் கைநாட்டு வாங்கிவிடுவார் என்று எனக்குப் பயம். அவளைக் கூட்டிப்போய் வழக்கேட்டு அறைக்குப் பின்னால் கிடந்த வாங்குப் பலகையில் இருத்தினேன்.

“அக்கா, ஆர் கூப்பிட்டாலும் எழும்பாதேங்கோ. இஞ்சை ஒருத்தரையும் நம்பேலாது. நான் வந்து சொன்னாப் பிறகுதான் எழும்ப வேணும்.”

“ஓம் ஐயா” என்றாள்.

பிறகு நான் விறாந்தைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். பியோன் வந்தார். வீதியைப் பார்த்தார். அவளுடைய பெயரைக் கூப்பிட்டார் பாருங்கள், கழுத்து நரம்பு புடைக்க! கூரையிலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரமும் அப்படியே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கூப்பிட்டு முடிந்ததும் அந்தக் கிளாக்கர் அவரிடம் வந்து காதோடு ஏதோ சொன்னார். ஆகா, அகப்பட்டார்கள் என்று பூனை போலக் கிட்டப் போனேன்.

“பாக்கு இருக்கோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன்; பியோனும் பின்னால் வந்தார். அவள் வாங்கில் அப்படியே இருந்தாள்.

“பேர் கூப்பிட்டது கேக்கேல்லையோ அக்கா?”

“கேட்டது ஐயா. மூண்டு தரமும் கேட்டது. நீங்கள் வந்து சொல்லுமட்டும் எழும்பக் கூடாதெண்டனீங்கள் எல்லோ?”

உள்ளே வழக்கு ஏற்கனவே தள்ளுபடியாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்தவில்லை, என்னைத் திட்டவுமில்லை. “அப்ப வயல்?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவளுடைய பிரக்கிராசியார் வந்தார். வராததற்குத் தக்க காரணம் சொல்லிச் சத்தியக் கடதாசி போட்டால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்றார். காரணம் நான்தான்; அவள் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அதை எழுதினால் என் வேலை போகும். நான் நிரந்தரமாகக்கூட ஆகியிருக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பியோன்தான் வாய் திறந்தார்.

“கூப்பிட்ட சத்தம் கேக்கேல்லை எண்டு எழுதுங்கோ, ஐயா. எனக்குத் தொண்டை கட்டியிருந்ததெண்டு நான் சொல்லுறன்.”

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். இவன் ஏன் எனக்காகப் பழியை ஏற்கிறான்? நாளைக்கு என்ன கேட்கப்போகிறான்? வழக்கேட்டில் ஒரு தாளை உருவித் தரச்சொல்வானோ? இவ்வளவும் ஓடிய மனது, வேண்டாம் என்று மட்டும் சொல்லச்சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து விசாரணை. நீதிபதி பியோனைக் கேட்டார். “சத்தம் போதாமல் போயிருக்கும், ஐயா” என்று அவர் தலையைக் குனிந்தார். நீதிபதிக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று விறாந்தையில் நின்றது யார் என்று விசாரித்து, என் பக்கம் திரும்பி, உமக்குக் கேட்டதா என்றார்.

“கேட்கவில்லை” என்றேன்.

வழக்கைத் திரும்ப எடுக்கக் கட்டளையாயிற்று. அடுத்த போகத்துக்கு முன் வயலும் அவள் கைக்கு வந்தது. பியோனுக்கு எல்லார் முன்னிலையிலும் நல்ல ஏச்சு விழுந்தது. பெயர் கூப்பிடும் வேலையைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அவரைத் தண்ணீர் அள்ளவும் வழக்கேடு சுமக்கவும் விட்டார்கள். புதியவர் விறாந்தையில் கூப்பிடும்போதெல்லாம் இவர் கிணற்றடியில் காரியத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார். என்னால் அதைப் பார்க்க முடியாது.

ஆனாலும் அவர் தம் விலையைச் சொல்லும் நாளுக்காகக் காத்திருந்தேன். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. ஒன்றும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் ஒருநாள் மத்தியானம் வழக்கேட்டு அறையில் அவரை மறித்தேன்.

“அண்ணை, என்னட்டை என்ன எதிர்பாக்கிறியள்? ஒளிக்காமல் சொல்லுங்கோ.”

அவர் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் தோளிலிருந்த வழக்கேட்டுக் கட்டை இறக்கி மேசையில் வைத்தார்.

“உங்களிட்டையோ? நான் உங்களை நினைச்சுச் செய்யேல்லைத் தம்பி. நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டியளெண்டு எனக்கு அண்டைக்கே தெரிஞ்சுபோச்சு. நீங்கள் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டிருந்தால் அந்தப் பிள்ளையின்ரை வயல் போயிருக்கும்.”

கட்டை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு, வழியை விடச்சொல்லிக் கையால் காட்டினார். நான் விலகி நின்றேன்.